நுண்ணுயிர் தின்பதும் தின்னாததும்: தமிழ்நாட்டின் கழிவுநீர் எங்கே போகிறது?

1 லட்சம் பேர் வாழும் ஒரு நகரத்தை எடுத்துக்கொள்வோம். பாதாள சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது நம் நாட்டுப் பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதில் ஏறக்குறைய 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பி வரும். அப்படியானால் அந்த ஒரு நகரத்திலிருந்து மட்டும் தினமும் 1 கோடி லிட்டருக்கு மேல் கழிவுநீர் வெளியே வருகிறது. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும், பண்டிகை நாளிலும் அது நிற்பதில்லை. எங்காவது போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும்.

அந்தத் தண்ணீரில் அழுக்கு எவ்வளவு இருக்கும்? எடையில் பார்த்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். மீதி 99.9 சதவீதம் வெறும் தண்ணீர். ஆனால் அந்த ஒரு பங்குக்குள்தான் மலம், சிறுநீர், சோப்பு, எண்ணெய், சாப்பாட்டு மிச்சம், காலரா முதல் மஞ்சள் காமாலை வரை கொண்டுவரும் கிருமிகள் எல்லாம் இருக்கின்றன.

கழிவுநீரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: தண்ணீரில் கரைந்து வரும் அழுக்கில் நுண்ணுயிர்கள் தின்னக்கூடியது உண்டு, தின்ன முடியாததும் உண்டு. தின்னக்கூடியதைச் சுத்தம் செய்வது நூறு ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்களுக்குத் தெரிந்த வேலை. தின்ன முடியாததுதான் பெரும் தொல்லை. வீட்டுக் கழிவுநீரும் தொழிற்சாலைக் கழிவுநீரும் ஏன் ஒரே குழாயில் போகக் கூடாது, நொய்யலும் பாலாறும் ஏன் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, திருப்பூரில் ஏன் உப்பு குவிந்து கிடக்கிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

நுண்ணுயிர் தின்னும் அழுக்கை அளப்பதற்கு ஓர் எண் உண்டு. பிஓடி என்பார்கள். நாம் சோறு தின்றால் மூச்சு விடுகிறோம், ஆக்ஸிஜன் செலவாகிறது. நுண்ணுயிர்களுக்கும் அப்படித்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் உள்ள அழுக்கைத் தின்று முடிக்க அவற்றுக்கு எத்தனை மில்லிகிராம் ஆக்ஸிஜன் தேவைப்படுகிறதோ, அதுதான் பிஓடி. நம் ஊர் வீட்டுக் கழிவுநீரில் இது பெரும்பாலும் 200 முதல் 300 வரை இருக்கும். அதை அப்படியே ஏரியில் விட்டால், ஏரியில் உள்ள நுண்ணுயிர்கள் விருந்து கிடைத்ததென்று தின்னத் தொடங்கும். தின்னும் வேகத்தில் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை எல்லாம் இழுத்துவிடும். மீனுக்கு மூச்சு விட ஆக்ஸிஜன் இருக்காது. அதிகாலையில் ஏரியில் மீன்கள் செத்து மிதக்கின்றன என்ற செய்தி வரும்போது யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று பேசிக்கொள்வோம். பல நேரம் அங்கே விஷம் எதுவும் இருப்பதில்லை. சாக்கடை கலந்ததால் மீன்கள் மூச்சடைத்துச் செத்திருக்கும்.

ஆகவே சுத்திகரிப்பு நிலையத்தின் வேலை சுலபமாகப் புரியும். ஏரியில் நடக்கவிருக்கும் அந்த விருந்தை ஏரிக்கு வருமுன்பே ஒரு தொட்டிக்குள் நடத்தி முடிப்பது.

தொட்டிக்குள் நடப்பது

சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. 1978-ல் தனிச் சட்டம் மூலம் உருவான சென்னைக் குடிநீர் வாரியம், அதாவது மக்கள் சொல்லும் மெட்ரோ வாட்டர், இவற்றை நடத்துகிறது. மற்ற நகரங்களில் பாதாள சாக்கடைத் திட்டங்களைப் பெரும்பாலும் 1971-ல் உருவான தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் கட்டிக்கொடுக்க, மாநகராட்சியோ நகராட்சியோ எடுத்து நடத்துகிறது.

உள்ளே வரும் தண்ணீர் முதலில் கம்பித் தடுப்புகளைத் தாண்டும். துணி, பிளாஸ்டிக் பை, சானிட்டரி நாப்கின் எல்லாம் அங்கே மாட்டிக்கொள்ளும். அப்புறம் மணல் படியும் தொட்டி. அதை அடுத்து, தண்ணீரைச் சில மணி நேரம் அசையாமல் நிறுத்திவைக்கும் பெரிய வட்டத் தொட்டி. கனமான கசடு அடியில் தங்கிவிடும். இதுவரை நடந்தது வெறும் வடிகட்டலும் தெளியவைத்தலும்தான்.

அசல் வேலை அடுத்த தொட்டியில் நடக்கிறது. அடியிலிருந்து காற்றைக் குமிழ் குமிழாகச் செலுத்திக்கொண்டே இருப்பார்கள். கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் பழுப்பு நிறத் திரளாக அந்தத் தண்ணீரில் மிதந்துகொண்டு, கரைந்திருக்கும் அழுக்கைத் தின்று பெருகும். சில மணி நேரம் கழித்து தண்ணீர் இன்னொரு தெளிவுத் தொட்டிக்குப் போகும். அங்கே நுண்ணுயிர்த் திரள் அடியில் படிய, மேலே தெளிந்த தண்ணீர் வழிந்தோடும். அடியில் படிந்த திரளில் ஒரு பகுதியைத் திரும்பவும் காற்றுத் தொட்டிக்கே அனுப்புவார்கள். நேற்றைய தயிரில் கொஞ்சம் எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான். இந்த முறையை 1914-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் உலகுக்கு அறிவித்தார்கள். இன்று ஒரே தொட்டியில் காற்றூட்டுவது, தெளியவைப்பது, வெளியேற்றுவது என்று மாற்றி மாற்றிச் செய்யும் எஸ்பிஆர் போன்ற புது முறைகள் வந்துவிட்டன. இடம் குறைவாகப் பிடிக்கும். அடிப்படை மட்டும் மாறவில்லை.

இந்தத் தொட்டிகள் உயிருள்ளவை என்பதை ஆட்சியில் இருப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். கட்டடம் கட்டி, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்துக்கொண்டால் நிலையம் ஓடிவிடாது. நீண்ட நேரம் மின்சாரம் நின்று காற்று போகவில்லை என்றால் நுண்ணுயிர்கள் சாகும். யாராவது ராத்திரியில் ஒரு லாரி அமிலத்தை மேன்ஹோலில் ஊற்றிவிட்டால் சாகும். மறுபடி அவற்றை வளர்த்தெடுக்க நாட்கள் பிடிக்கும். அதுவரை வரும் சாக்கடை அரைகுறையாகத்தான் வெளியே போகும்.

சுத்தமான தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும்? ஆற்றிலோ ஏரியிலோ விடுவதற்குப் பிஓடி 30-க்கு மேல் போகக் கூடாது என்பது 1986-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகள் வைத்த பொதுவான வரம்பு. நகரச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கென்று மத்திய அரசு 2017-ல் தனியாக வெளியிட்ட விதியில் பெருநகரங்களுக்கு 20, மற்ற ஊர்களுக்கு 30 என்று வைத்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் இன்னும் இறுக்கமான அளவைக் கேட்டது. இந்த வரம்பைத் தொட்ட தண்ணீர் குடிநீர் ஆகிவிடாது. கண்ணுக்குத் தெளிவாக இருக்கும், நாற்றம் இருக்காது, ஆனால் நைட்ரஜனும் பாஸ்பரசும் கணிசமாக மிச்சம் இருக்கும். இரண்டுமே பயிருக்கு உரம். ஏரியில் கலந்தால் ஆகாயத்தாமரைக்கு உரம். ஏரி முழுக்கப் பச்சைப் பாய் விரித்தது போல அது படர்ந்திருந்தால் அங்கே சாக்கடைச் சத்து சேர்கிறது என்று தாராளமாகச் சந்தேகப்படலாம்.

மிஞ்சும் கசடை மூடிய தொட்டிகளில் காற்றில்லாமல் செரிக்க விடுகிறார்கள். மீத்தேன் வாயு கிளம்புகிறது. சென்னை நிலையங்கள் அந்த வாயுவை எரித்து மின்சாரம் எடுத்து, நிலையத்தின் தேவைக்கே பயன்படுத்துகின்றன. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இது.

குழாய்தான் கடினம்

சரி, இவ்வளவு தெரிந்த தொழில்நுட்பம் இருக்கும்போது கூவம் ஏன் இன்னும் கறுப்பாக ஓடுகிறது? ஏனென்றால், சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேரும் தண்ணீரைத்தான் நிலையம் சுத்தம் செய்ய முடியும். வந்து சேராததை ஒன்றும் செய்ய முடியாது.

சென்னையின் அமைப்பில் சாக்கடைக் குழாய் வேறு, மழைநீர் வடிகால் வேறு. மழைநீர் வடிகால் நேராக ஆற்றுக்கும் கால்வாய்க்கும் போகும். நடுவில் எந்தச் சுத்திகரிப்பும் கிடையாது. பாதாள சாக்கடை வராத தெருவில், அல்லது வந்தும் இணைப்பு வாங்காத கட்டடத்தில், கழிவுநீரை ராத்திரியோடு ராத்திரியாக மழைநீர் வடிகாலில் திருப்பி விட்டுவிடுகிறார்கள். கோடையில் மழையே இல்லாதபோதும் ஒரு மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது வேறெங்கிருந்து வரும்?

இணைப்பு வாங்கத் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. தெருவைத் தோண்ட வேண்டும், பணம் கட்ட வேண்டும், கட்டிய பணத்துக்கு வேலை நடக்குமா என்ற பயம். இதையும் தாண்டிய ஊர் ஒன்று நம்மிடம் உண்டு. ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்த காலத்தில், 1990-களின் கடைசியிலும் 2000-களின் தொடக்கத்திலும், பாதாள சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று மக்களே முன்பணம் கட்டினார்கள். குழாய் பதிப்பதற்கு முன்பே கட்டினார்கள். குடியிருப்போர் சங்கங்கள் வீடு வீடாகப் போய்ப் பேசியதால்தான் அது நடந்தது. தனியார் பங்களிப்போடு நடந்த அந்தத் திட்டத்தை இன்றும் நாடெங்கும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

குழாயைப் பற்றிப் பேசிவிட்டு அதற்குள் இறங்கும் மனிதர்களைப் பற்றிப் பேசாமல் போகக் கூடாது. அடைத்துக் கிடக்கும் சாக்கடையில் காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். அழுகிய முட்டை நாற்றம் வருமே, அதுதான். அளவு கூடிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. சில மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். காப்பாற்றப் போகிறவரும் சாய்ந்துவிடுவார். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இந்த மரணங்களின் அரசுக் கணக்கில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கிறது. நாளொன்றுக்கு எத்தனை கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் கட்டினோம் என்று பெருமைப்படுவதற்கு முன்னால், இந்த எண்ணைச் சுழியமாக்குவது நம் கடமை. இயந்திரங்கள் இருக்கின்றன. அவசரத்துக்கு ஒரு ஆளைக் கூப்பிட்டுவிடும் பழக்கம்தான் இன்னும் போகவில்லை, அதில் தனியார் கட்டடங்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

செப்டிக் டேங்க் எனும் பாதிச் சுத்திகரிப்பு

தமிழ்நாட்டில் பெரும்பாலான சிறு நகரங்களில் பாதாள சாக்கடை கிடையாது. அங்கே செப்டிக் டேங்க்தான். அதுவும் ஒரு சுத்திகரிப்புத் தொட்டியே, ஆனால் பாதி வேலைதான் செய்யும். கனமானது அடியில் தங்கும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் கலங்கல் நீர் வெளியேறும். காற்றில்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் தின்னும். அதனால் வெளியேறும் நீரில் அழுக்கும் கிருமியும் நிறையவே இருக்கும். அது உறிஞ்சு குழிக்குள் போய் மண்ணில் வடிய வேண்டும் என்பது முறை. நடப்பில் பல வீடுகளில் அந்தக் குழாய் தெருவோரச் சாக்கடையில் முடிகிறது. இன்னும் பல வீடுகளில் தொட்டியின் அடிப்பகுதிக்குத் தளமே போடுவதில்லை. ‘பத்து வருஷமா நிரம்பவே இல்லை’ என்று பெருமையாகச் சொல்வார்கள். நிரம்பாத தொட்டி என்றால் அது நிலத்தடியில் கசிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பக்கத்தில்தான் கிணறோ போர்வெல்லோ இருக்கும்.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை எடுத்துவிட வேண்டும். லாரி வரும், உறிஞ்சும், போய்விடும். எங்கே போகிறது? நெடுங்காலம் அதை யாரும் கேட்கவில்லை. ஊருக்கு வெளியே ஓடை, ஏரிக்கரை, காலி மனை என்று ஊற்றிவிட்டுப் போனார்கள். தமிழ்நாடு அரசு 2014-ல் செப்டிக் டேங்க் கசடுக்கென்று தனி வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்ட பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. அருகில் பெரிய சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் லாரிகள் அங்கே போய் இறக்க வேண்டும். இல்லாத இடங்களில் பல ஊர்களுக்குச் சேர்த்து ஒரு கசடுக் கழிவு சுத்திகரிப்பு நிலையம் கட்ட வேண்டும் என்பது திட்டம். மதுராந்தகம் பக்கத்தில் உள்ள கருங்குழி பேரூராட்சியில் மாநிலத்தின் முதல் நிலையம் வந்தது. உலர்படுகைகளில் கசடைப் பரப்பி, தண்ணீரை வடியவைத்து, வெயிலில் காயவைக்கிறார்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லாத, சிறு ஊர் தாங்கக்கூடிய ஏற்பாடு. நம் வெயிலுக்குப் பொருத்தமான யோசனை என்பதால் எனக்கு இதன்மேல் நம்பிக்கை அதிகம்.

தொழிற்சாலையின் தண்ணீர்

இனி தின்ன முடியாதவற்றுக்கு வருவோம். ஆனால் எல்லாத் தொழிற்சாலையும் அந்த வகை இல்லை. சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன. மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவு எடுத்த பிறகு வரும் தண்ணீர் பயங்கரமாக நாறும், பிஓடி வீட்டுக் கழிவுநீரைப் போலப் பல மடங்கு. ஆனாலும் அதில் இருப்பது மாவுச்சத்துதான், நுண்ணுயிர்களுக்குப் பிடித்த சாப்பாடு. மூடிய தொட்டியில் விட்டால் எரிவாயுவாகத் திரும்பக் கிடைக்கும். பல ஆலைகள் அப்படிச் செய்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது? 1974-ல் நாடாளுமன்றம் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இயற்றியது. அதன்படி செயல்படும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் அமைந்தது. கழிவுநீர் வெளியேற்றும் எந்த ஆலையும் கட்டுவதற்கு முன் ஒரு இசைவாணை, ஓட்டுவதற்கு முன் இன்னொரு இசைவாணை வாங்க வேண்டும். மாசுத் தன்மையைப் பொறுத்து சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று ஆலைகளைப் பிரிக்கிறார்கள். தண்ணீர் எங்கே போகிறது என்பதைப் பொறுத்து வரம்பும் மாறும். ஆற்றில் விட்டால் பிஓடி 30, பாசன நிலத்தில் விட்டால் 100, சுத்திகரிப்பு நிலையத்தில் போய் முடியும் பாதாள சாக்கடையில் விட்டால் 350. கரைந்த உப்புகளின் மொத்த அளவு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இந்தக் கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை முழுக்கத் தோல் தொழிற்சாலைகள். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வரும். முதலில் ஊறவைத்துக் கழுவும்போதே அத்தனை உப்பும் தண்ணீரில் இறங்கிவிடும். அப்புறம் சுண்ணாம்பு, சல்பைடு, பதனிட குரோமியம். ஒரு கிலோ தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகும். உப்பையும் குரோமியத்தையும் எந்த நுண்ணுயிரும் தின்னாது. அவை கிணறுகளுக்குள் போயின, வயல்களில் படிந்தன, தென்னை காய்ந்தது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். அதைவிட முக்கியம், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்பதும், ஆபத்து முழுமையாக நிரூபணம் ஆகும்வரை காத்திருக்காமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்பதும் இந்தியச் சட்டத்தின் பகுதிதான் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இன்று நாட்டின் எந்த மூலையில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் வேலூர் வழக்கை மேற்கோள் காட்டாமல் இருக்க மாட்டார்கள்.

சின்னச் சின்ன ஆலைகள் ஆளுக்கொரு சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. அதனால் பல ஆலைகள் சேர்ந்து பொது சுத்திகரிப்பு நிலையம் வைத்துக்கொண்டன. உப்பு அதிகமான முதல் கழுவல் நீரைத் தனியே பிரித்து வெயிலில் பாத்திகளில் காயவைப்பது, குரோமியத்தைத் தனியாகப் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்துவது என்ற நல்ல பழக்கங்களும் வந்தன. ஆனால் தண்ணீரிலிருந்து எடுத்த நஞ்சு கசடில் இருக்கும், கசடு எங்கேயும் மறைந்துவிடாது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் பொது சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். அதே ஊரில், மூடிப்போன ஒரு குரோமேட் ஆலை விட்டுச் சென்ற 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவுக் குவியல் வேறு நிலத்தடி நீரை நஞ்சாக்கியது.

திருப்பூரின் உப்பு

துணிக்குச் சாயம் ஏற்றும்போது சாயம் நூலில் ஒட்டிக்கொள்ள உப்பு வேண்டும். லிட்டருக்குப் பல பத்து கிராம். சாயம் துணியோடு போகும், உப்பு முழுவதும் தண்ணீரோடு வெளியே வரும். திருப்பூரின் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் இந்தத் தண்ணீரை நொய்யலில் விட்டன. பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குளமாகிவிட்டது. தண்ணீர் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், திறக்காதீர்கள் என்று கேட்க வேண்டிய நிலை. அணைக்காகப் போராடிய எந்த ஊரிலும் இப்படி நடந்திருக்காது.

பட்டறைகள் முதலில் வழக்கமான சுத்திகரிப்பைத்தான் செய்தன. நிறம் குறைந்தது, பிஓடி குறைந்தது. டிடிஎஸ் மட்டும் அசையவில்லை. 2,100 இருக்க வேண்டிய இடத்தில் பல மடங்கு. நொய்யல் ஆயக்கட்டுப் பாசன விவசாயிகள் விடாமல் வழக்கு நடத்தினார்கள். 2006-ல் உயர் நீதிமன்றம், 2009-ல் உச்ச நீதிமன்றம், கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத நிலையை எட்டினால் மட்டுமே திறக்கலாம். பின்னலாடை நகரம் திகைத்து நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது.

பூஜ்ய வெளியேற்றம் என்று இதைச் சொல்கிறார்கள். முதலில் நுண்ணுயிர்த் தொட்டி. தின்னக்கூடியதை எல்லாம் அங்கே தின்றுவிடும். பிறகு ஆர்ஓ. வீட்டில் உள்ள அதே தத்துவம்தான்: மிக நுண்ணிய சவ்வு வழியே அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளினால் தண்ணீர் தாண்டும், உப்பு நிற்கும். நல்ல தண்ணீர் பட்டறைக்கே திரும்பும். நிற்கும் உப்பு நீரை மறுபடி, மறுபடி ஆர்ஓவில் விட்டுச் சுண்டவைப்பார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் சவ்வு தாங்காது. அப்புறம் கொதிகலன் வைத்து ஆவியாக்க வேண்டும். செலவில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. ஆவி குளிர்ந்து தண்ணீராகும், அடியில் உப்பு படிகமாகும். அடர்த்தியான உப்பு நீரை வடிகட்டிச் சாயமேற்றவே மறுபடி பயன்படுத்தலாம் என்று அருள்புரம் நிலையத்தில் செய்து காட்டியது பெரிய திருப்பம். ஆவியாக்கும் சுமை அதனால் வெகுவாகக் குறைந்தது. இன்று திருப்பூரில் 18 பொது சுத்திகரிப்பு நிலையங்கள் இந்த முறையில் இயங்குகின்றன. வரும் தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் மீட்டெடுக்கிறார்கள்.

இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை. பல உப்புகள் கலந்து, சாய மிச்சத்தோடு வரும் கலப்பு உப்பை யாரும் வாங்குவதில்லை. ஆற்றிலும் கொட்டக் கூடாது, மண்ணிலும் புதைக்கக் கூடாது. கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. இசைவாணை இல்லாமல் மறைவாக ஓடும் பட்டறைகள் நேர்மையாகச் செலவு செய்பவர்களின் விலையைக் குறைத்து அடிக்கின்றன. பூஜ்ய வெளியேற்றம் தோற்றால் அதற்குத் தொழில்நுட்பம் காரணமாக இருக்காது. இந்த விலைப் போட்டிதான் காரணமாக இருக்கும் என்று நான் அஞ்சுகிறேன்.

ஈரோட்டில் இன்னொரு வழியை முயன்றார்கள். 13-ம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்காலில் சாய, தோல் கழிவு கலக்காமல் இருக்க, பக்கத்திலேயே பேபி வாய்க்கால் என்று ஒரு சின்ன வாய்க்கால் கட்டினார்கள். கழிவை வேறு பாதையில் திருப்புவது பாசனத்தைக் காப்பாற்றும், ஆற்றைக் காப்பாற்றாது. கடலூர் சிப்காட்டில் இரசாயன ஆலைகளின் சுத்திகரித்த நீரைக் குழாய் மூலம் கடலுக்குள் விடுகிறார்கள். கடல் ஏற்கெனவே உப்பு என்பதால் டிடிஎஸ் அங்கே பெரிய பிரச்சினை இல்லை; மற்ற இரசாயனங்கள் முழுவதுமாக நீங்கியிருக்கின்றனவா என்பதுதான் மீனவர்களின் கேள்வி, நியாயமான கேள்வி.

வீட்டுச் சாக்கடை ஆலைக்குப் போகும் பயணம்

உப்பை வடிகட்டும் அதே ஆர்ஓ சென்னையில் வேறொரு நல்ல காரியத்துக்குப் பயன்படுகிறது. 2019-ல் நகரம் தண்ணீரில்லாமல் தவித்தது நினைவிருக்கும். அதே ஆண்டில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறன் கொண்ட மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையங்கள் தொடங்கப்பட்டன. நுண்ணுயிர்த் தொட்டியைத் தாண்டிய வீட்டுக் கழிவுநீரை மேலும் வடிகட்டி, ஆர்ஓவில் விட்டு, ஆலைகளுக்கு விற்கிறார்கள். கொடுங்கையூர் தண்ணீர் மணலிக்குப் போகிறது. கோயம்பேட்டுத் தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குப் போகிறது. ஆலை எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏரியிலிருந்து ஒரு லிட்டர் குடிநீர் மிச்சம். வீட்டுக் கழிவுநீரில் உப்பு குறைவு என்பதால்தான் இது கட்டுப்படியாகிறது. அதில் ஒரு சாயப்பட்டறைத் தண்ணீர் கலந்துவிட்டால் கணக்கே மாறிவிடும். இரண்டையும் பிரித்து வைப்பதில் இவ்வளவு கறாராக இருப்பதற்கு இதுவே காரணம்.

உங்கள் பகுதியில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டால் சில கேள்விகள் போதும். வீட்டில் செப்டிக் டேங்க் என்றால், அதன் வெளியேற்றுக் குழாய் எங்கே முடிகிறது, கசடு எடுக்கும் லாரி எந்த நிலையத்தில் இறக்குகிறது என்று கேளுங்கள். அடுக்குமாடி என்றால், 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்கள் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியே கட்டப்பட வேண்டும். சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் அந்த அனுமதியின் வழக்கமான நிபந்தனை. உங்கள் சங்கத்தில் அதன் காற்றூதி 24 மணி நேரமும் ஓடுகிறதா, அல்லது மின் கட்டணத்துக்குப் பயந்து ராத்திரியில் நிறுத்திவிடுகிறார்களா என்று பாருங்கள். பக்கத்தில் ஆலை இருந்தால், அதன் இசைவாணையில் கழிவுநீரின் அளவும் அது போய்ச்சேரும் இடமும் எழுதப்பட்டிருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். கிணற்று நீரைப் பரிசோதிக்கக் கொடுக்கும்போது கிருமியை மட்டும் பார்க்காமல் டிடிஎஸ்ஸையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிருமி இருந்தால் சாக்கடை கசிகிறதா என்று தேட வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு டிடிஎஸ் ஏறிக்கொண்டே போனால், தேட வேண்டிய இடம் வேறு.